ஏழு சிறு சங்கு, ஒரு நெடுஞ்சங்கு

குற்றாலத்தில் சாரல் தொடங்கிச் சில வாரங்கள் கழிந்தால் சுந்தரபாண்டியபுரத்து நிலங்களில் சூரியகாந்தி மஞ்சள் விரித்து நிற்கும். 1992இல் ‘ரோஜா’ படம் வந்தது முதல் அந்த ஊர் பட்டணத்தாருக்கும் தெரிந்த ஊராகிவிட்டது. காமிராவும் கையுமாக வருகிறார்கள், பூவின் நடுவே நின்று படம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். அந்தச் சாரல் எங்கிருந்து வருகிறது? ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழைந்து வரும் காற்று கொண்டு வருகிறது. அந்தக் காற்று அரபிக்கடலிலிருந்து புறப்பட்டு வருகிறது.

அதே அரபிக்கடலில், கேரளக் கரைக்கு அப்பால், 2025 மே 25ஆம் நாள் ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன கப்பல் அது. 640 கண்டெய்னர்கள் அதில் இருந்தன. கப்பலிலிருந்த 24 பேரும் பிழைத்தார்கள். முதல் நாளே ஒருபுறம் சாய்ந்துவிட்ட அந்தக் கப்பலை விட்டு 21 பேர் இறங்க, அவர்களைக் கடலோரக் காவற்படை மீட்டது. கடைசிவரை கப்பலில் நின்ற மூவரைக் கடற்படைக் கப்பல் ‘சுஜாதா’ ஏற்றிக் கொண்டது. பதினைந்து நாள் கழித்து, ஜூன் 9ஆம் நாள், ‘வான் ஹாய் 503’ என்ற இன்னொரு கப்பலில் வெடிப்பு, பிறகு தீ. 22 பேரில் 18 பேர் கடலில் இறங்கிப் பிழைத்தார்கள். நான்கு பேரைக் காணோம்.

செய்தி வந்தது, நாமும் வெளியிட்டோம், மறுநாள் வேறு செய்தி வந்தது. ஆனால் ஒரு கேள்வியை நாம் விட்டுவிட விரும்பவில்லை. சாய்ந்து கொண்டிருக்கும் கப்பலில் நடுக்கம் இல்லாமல் வரிசையாக நின்று, தெப்பத்தை இறக்கி, ஒருவர் பின் ஒருவராக ஏறிப் பிழைத்தார்களே, அந்த வித்தை அவர்களுக்கு எப்படி வந்தது? ஆபத்து வந்த அன்று கற்றுக் கொண்டதல்ல. அதற்கு முன்னே, ஆபத்து இல்லாத நாளில், திரும்பத் திரும்பச் செய்து பழகியது. அந்தப் பழக்கம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒழுங்காகக் கிடைக்கிறதா என்பதே நம் கேள்வி.

“கடலைக் காணாத தென்காசிச் சீமைக்குக் கப்பல் விவகாரம் எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். கடையநல்லூர்க்காரரிடம் போய்க் கேளுங்கள், கடல் எத்தனை தூரம் என்று. வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் எத்தனை எத்தனை! வானமும் குளமும் பொய்த்தால் வயிற்றுக்கு வழி தேடி வெளியே போவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இப்போது அந்த வழிகளில் ஒன்று கப்பல் வேலை. பத்தாம் வகுப்புத் தேறியவன் ஆறு மாதப் பயிற்சி பெற்றால் சாதாரண மாலுமியாகச் சேரலாம். உலகக் கப்பல்களில் வேலை செய்வோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இந்தியர். கரையோரத்துப் பிள்ளைகள் மட்டுமா அவர்கள்? கடலுக்கு நூறு கிலோமீட்டர் உள்ளே பிறந்தவனும் அவர்களில் உண்டு.

இந்தச் சீமைக்கும் கப்பலுக்கும் உறவு நேற்று வந்ததுமல்ல. 2019 வரை தென்காசி திருநெல்வேலி மாவட்டத்தோடு இருந்தது. அந்த நெல்லைச் சீமையின் துறைமுகமான தூத்துக்குடியிலேதான் 1906இல் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். வெள்ளையனுக்குப் போட்டியாகக் கப்பல் ஓட்டியதைப் பாராட்டிப் பேசாத மேடை இல்லை. ஆனால் அந்தக் கம்பெனி தன் நோக்கங்களில் வேறொன்றையும் எழுதி வைத்திருந்தது. நம்மவருக்குக் கப்பல் ஓட்டும் கலையைக் கற்பிப்பது, அதை ஏட்டிலும் செயலிலும் பழக்குவது, அதற்குப் பள்ளிகள் அமைப்பது! கப்பல் வாங்கினால் போதாது, கப்பலில் நிற்கத் தெரிந்த ஆளையும் உண்டாக்க வேண்டும் என்று அந்த மனிதருக்கு அன்றே தெரிந்திருந்தது. 1908இல் அவரைச் சிறையில் தள்ளினார்கள், கம்பெனி நொடித்தது, அந்தப் பள்ளி எழவே இல்லை. இன்று தூத்துக்குடியில் தமிழ்நாடு கடல்சார் பயிற்சிக் கழகம் இருக்கிறது. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. கட்டடம் உண்டு. கடல் காணாத ஊரின் ஏழைப் பிள்ளைக்கு அதன் கதவு எவ்வளவு திறக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். 1912இல் ‘டைட்டானிக்’ மூழ்கியபோது 65 பேர் ஏறக்கூடிய முதல் படகு 30 பேர்கூட இல்லாமல் இறங்கியது. படகு போதவில்லை என்பது பாதிக் கதை. இருந்த படகை நிரப்பி இறக்கும் ஒழுங்கும் இல்லை என்பது மறு பாதி. அதன் பிறகு 1914இல் கடலில் உயிர்காப்புக்கான முதல் உலக ஒப்பந்தம் எழுதப்பட்டது. அந்த ஒப்பந்தமும் பெரும்பாலும் கப்பலைப் பற்றியே பேசியது. மனிதனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எல்லா நாட்டுக்கும் பொதுவாக ஒரு விதி வர 1978 ஆயிற்று. 1995இலும், 2010இல் மணிலாவிலும் அதைத் திருத்தி இறுக்கினார்கள். அதன்படி, கப்பலில் வேலைக்கு ஏறும் எவனும், தலைவனானாலும் சமையற்காரனானாலும், கடலில் உயிர் பிழைக்கும் முறை, தீத்தடுப்பும் தீயணைப்பும், முதலுதவி, தன் பாதுகாப்பும் உடன் உழைப்போரிடம் நடந்து கொள்ளும் பொறுப்பும் என்ற நான்கிலும் தேறியிருக்க வேண்டும். கப்பலின் காவல் பற்றிய பயிற்சி தனி. 2026 ஜனவரி முதல் பாலியல் தொல்லையையும் கொடுமைப்படுத்துதலையும் தடுப்பது பற்றிய பாடமும் சேர்ந்திருக்கிறது. முதல் இரண்டிலும் திறமை குன்றவில்லை என்று ஐந்தாண்டுக்கொரு முறை மெய்ப்பித்துக் காட்ட வேண்டும்.

சுந்தரபாண்டியபுரத்துப் பிள்ளைக்கு நீச்சல் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். பம்புசெட் மேட்டிலிருந்து கிணற்றில் தலைகீழாகக் குதித்துக் கற்ற நீச்சல். அந்தத் தலைகீழ்ப் பாய்ச்சலையே முதலில் மறக்கச் சொல்கிறது கப்பல் பயிற்சி! மிதவைச் சட்டை அணிந்தவன் தலைகீழாகப் பாயக்கூடாது. கீழே ஆளோ மரமோ மிதக்கிறதா என்று பார்த்து, ஒரு கையால் மூக்கைப் பொத்தி, மறு கையால் சட்டையை மார்போடு அழுத்தி, கால்களைச் சேர்த்து, நேராக நின்றபடி இறங்க வேண்டும். அழுத்திப் பிடிக்காமல் குதித்தால் தண்ணீர் தட்டியதும் அந்தச் சட்டையே மேலே எழும்பித் தாடையிலும் கழுத்திலும் மோதும். காப்பாற்ற வந்த பொருளே காயம் செய்யும்.

நீரில் விழுந்த பின் கிணற்றில் செய்வது போல் கையும் காலும் அடித்து நீந்தவும் கூடாது. உடம்புச் சூடு போனால் உயிர் போகும். ஆகவே முழங்காலை மார்போடு மடக்கிக் குறுகி மிதக்க வேண்டும். பலர் இருந்தால் அணைத்துக் கொண்டு கூட்டமாக மிதக்க வேண்டும். காற்றடைத்த தெப்பம் கவிழ்ந்து விரிந்திருந்தால் காற்று வீசும் பக்கம் பார்த்து அதன் அடிப்புறத்தில் ஏறி, அங்குள்ள பட்டையைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து புரட்டத் தெரிய வேண்டும். தெப்பத்தில் ஏறியதும் வாந்திக்கான மாத்திரையை உடனே விழுங்க வேண்டும். வாந்தி எடுத்தால் உடம்பின் நீர் போய்விடும். அடிபட்டவனைத் தவிர மற்றவர்களுக்கு முதல் இருபத்து நான்கு மணி நேரம் குடிநீர் கிடையாது. கடல் நீரைத் தொடவே கூடாது. இவற்றில் எதையாவது புத்தகத்தைப் பார்த்து மட்டும் கற்க முடியுமா? சைக்கிளைப் புத்தகம் படித்து ஓட்டியவன் யார்?

நாம் இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. நம் மக்களுக்கு அது மிக நன்றாக விளங்கும். கப்பலில் மூடிக் கிடந்த சரக்கறைகளும் தொட்டிகளும் உண்டு. நாம் மூச்சு விடும் காற்றில் உயிர்க்காற்று நூற்றுக்கு ஏறத்தாழ 21 பங்கு. மூடிய தொட்டியின் இரும்பு துருப்பிடிக்கும்போது அந்த உயிர்க்காற்றைத் தின்றுவிடும். நிலக்கரியும் மரக்கட்டையும்கூடத் தின்னும். மணம் இராது, புகை இராது. இறங்கியவன் சில நொடியில் சுருண்டு விழுவான். மேலே நிற்பவன் என்ன செய்வான்? “ஐயோ” என்று கூவிக் கொண்டு தானும் இறங்குவான். அவனும் விழுவான். நம் ஊர்க் கழிவுநீர்த் தொட்டிகளில் ஒருவனைத் தூக்கப் போன இன்னொருவன், அவனைத் தூக்கப் போன மூன்றாமவன் என்று பிணங்களை வெளியே எடுத்ததை நாம் பார்க்கவில்லையா? தூர்ந்த கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்த்து, அணையாவிட்டால்தான் ஆள் இறங்கலாம் என்று சொன்ன பெரியவர்களின் அனுபவம், இன்று காற்றை அளக்கும் கருவியாகக் கப்பலில் இருக்கிறது. கருவி இருந்தும் சாகிறார்கள். தோழன் விழுவதைக் கண்டதும் ஓடிப் போய் இறங்கத் துடிக்கிற நல்ல மனத்தை, “நில்! கூக்குரல் கொடு! மூச்சுக் கருவி மாட்டிய பின் இறங்கு!” என்று தடுத்து நிறுத்துவது பழக்கம் ஒன்றுதான். ஆகவேதான் 2015 முதல் மூடிய அறையில் விழுந்தவனை மீட்கும் ஒத்திகையை இரண்டு மாதத்துக்கொரு முறை நடத்தும்படி உலக விதி கட்டளையிடுகிறது.

தீ ஒத்திகையும் கப்பலை விட்டு இறங்கும் ஒத்திகையும் மாதந்தோறும். கப்பலாட்களில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் முந்திய மாதம் அந்தக் கப்பலில் ஒத்திகை பார்க்காதவர்கள் என்றால், துறைமுகம் விட்ட இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நடத்த வேண்டும். ஆலைச் சங்கு கேட்டு வளர்ந்த தொழிலாளிக்கு இது எளிதில் பிடிபடும். ஏழோ அதற்கு மேலோ சிறு சங்கும் கடைசியில் ஒரு நெடுஞ்சங்கும் ஊதினால், கையிலிருப்பதைப் போட்டுவிட்டுத் தனக்குக் குறித்த இடத்துக்குப் போக வேண்டும். தூக்கத்தில் கேட்டாலும் கால் தானே நடக்க வேண்டும்.

இங்கே மொழியைப் பற்றி ஒரு சொல். 1990 ஏப்ரல் 7ஆம் நாள் ஆஸ்லோவிலிருந்து டென்மார்க்குக்குப் போன ‘ஸ்காண்டிநேவியன் ஸ்டார்’ என்ற பயணிக் கப்பலில் தீப்பிடித்து 159 பேர் மாண்டார்கள். அவசரம் அவசரமாக ஓட விடப்பட்ட கப்பல். புதிதாகச் சேர்த்த ஆட்கள். ஒழுங்கான தீ ஒத்திகை இல்லை. ஆட்களில் பலருக்குப் பயணிகளின் மொழியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. கட்டளை ஒரு மொழி, காது வேறு மொழி, நடுவே புகை. கப்பலில் கட்டளை ஆங்கிலத்தில் வரும். அதை நம் பிள்ளை கற்றே ஆக வேண்டும். அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்ற காரணத்தை அவனுக்கு எந்த மொழியில் சொல்வது? பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவனிடம் உயிர்க்காற்றின் கணக்கை ஆங்கிலத்தில் ஒப்பித்துவிட்டு, விளங்கியதா என்று கேட்டால் அவன் தலையை ஆட்டுவான். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் ஆடும் தலை அது. நான்கு பயிற்சிக்கும் தமிழில் ஒரு நல்ல கையேடு வெளியிட எத்தனை ரூபாய் வேண்டும்? ஒரு அமைச்சர் வரவேற்பு வளைவின் செலவுகூட ஆகாது.

இனி நம் வாசலில் நடந்ததைச் சொல்கிறோம். 2012 அக்டோபர் 31. நீலம் புயல். சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ‘பிரதீபா காவேரி’ என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரத்தையும் இழுத்துக் கொண்டு நகர்ந்து பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை அருகே தரை தட்டியது. 37 பேர் இருந்தார்கள். பயிற்சிக்கு வந்த இளைஞர்களும் அவர்களில் உண்டு. பல மாதச் சம்பளம் பாக்கி, உணவும் நன்னீரும் குறைவு, எரிபொருள் போதாது என்பன அன்று வெளிவந்த செய்திகள். பொங்கி மறியும் அலையில் ஒரு பகுதியினர் உயிர்காப்புப் படகை இறக்கினார்கள். படகு கவிழ்ந்தது. கரையிலிருந்த மீனவர்கள் தங்கள் படகுகளோடு பாய்ந்து பலரைக் கரையேற்றினார்கள். அந்த மீனவர்களிடம் எந்தச் சான்றிதழும் இல்லை! ஆறு பேர் மாண்டார்கள். கப்பலை விட்டு இறங்காமல் இருந்தவர்களோ, மறுநாள் ஹெலிகாப்டரில் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். தரை தட்டிய கப்பலும் உடையவில்லை; அடுத்த மாதமே அதை மீட்டு இழுத்துச் சென்றார்கள்.

இறங்கியவர்கள் தவறு செய்தார்கள் என்று நாற்காலியில் அமர்ந்து நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. பசித்த வயிறு, வராத சம்பளம், ஆடுகிற கப்பல், மாலை இருட்டு. எந்த மனிதனுக்கு நிதானம் நிற்கும்? கப்பல் மிதக்கும் வரையிலும், உடையாமல் இருக்கும் வரையிலும் அதுவே பெரிய படகு என்பது பயிற்சியின் முதல் பாடங்களில் ஒன்று. அந்தப் பாடம் மனத்தில் நிற்க வேண்டுமானால், நம்மைக் கைவிட மாட்டார்கள் என்ற நம்பிக்கை கப்பலில் இருக்க வேண்டும். சம்பளம் கொடுக்காத முதலாளியின் கப்பலில் அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்? ஆகவே, பயிற்சி பயிற்சி என்று தொழிலாளியை மட்டும் பார்த்துச் சொல்பவர்களுக்கு நாம் பாதித் தலையைத்தான் ஆட்டுவோம். 2024இல் முதலாளிகளால் நடுக்கடலிலும் அன்னியத் துறைமுகங்களிலும் கைவிடப்பட்ட கப்பலாட்களில் எந்த நாட்டவரையும்விட இந்தியர்களே அதிகம் என்று உலகப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் கணக்குக் காட்டியிருக்கிறது. நூறு ஒத்திகை பார்த்தவனும் துருப்பிடித்த கப்பலில் என்ன செய்வான்? உயிர்காப்புப் படகை மாட்டியிருக்கும் கொக்கி ஒத்திகையின்போதே கழன்று, படகோடு ஆட்கள் கீழே விழுந்து செத்த விபத்துகள் எத்தனையோ நடந்த பிறகுதான், பழைய கொக்கிகளைச் சோதித்து, தேறாதவற்றை 2019க்குள் மாற்ற வேண்டும் என்று விதி வந்தது. செலவு செய்ய வேண்டியவன் முதலாளி என்பதால் விதி வருவதற்கு அத்தனை காலம்.

எழுத வேண்டிய இன்னொரு கேடு இருக்கிறது. “கப்பலில் வேலை, கை நிறையச் சம்பளம்” என்று பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கிறார்களே, அந்தக் கேடு. நிலத்தை ஈடு வைத்து, தாயின் தாலிக்கொடியை அடகு வைத்துக் கொண்டு போய்க் கொடுக்கிறார்கள். தண்ணீரில் இறங்காமலே தண்ணீரில் பிழைக்கக் கற்றதாகத் தாள் வருகிறது. புகை நாறாமலே தீயணைத்ததாகத் தாள் வருகிறது. அந்தத் தாளைக் கொண்டு எங்கோ ஒரு கிழட்டுக் கப்பலில் ஏறுகிறான் பிள்ளை. ஏழு சங்கு ஊதும் இரவில் அந்தத் தாள் மிதக்குமா? வேலை வாங்கித் தருவதற்குக் கப்பலாளிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பது சட்டம். கப்பல் தொழிலாளர் பற்றிய உலக உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றிருக்கிறது. ஆள் அனுப்பும் நிறுவனம் கப்பல்துறைத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். பட்டியலை யாரும் பார்க்கலாம். அந்தப் பட்டியல் சுந்தரபாண்டியபுரத்துப் பேரூராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறதா? தரகனின் சுவரொட்டிக்கு இடமிருக்கும் ஊரில் சர்க்காரின் சுவரொட்டிக்கு இடமில்லையா?

1958ஆம் ஆண்டுக் கப்பல் சட்டத்தை அகற்றிப் புதிய வணிகக் கப்பல் சட்டத்தை டில்லிப் பார்லிமெண்டு 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. பழைய சட்டம் கிழடாகிவிட்டது என்பதை நாமும் ஒப்புக் கொள்கிறோம். ஆனால் தொழிலாளியின் உயிர் சட்டத்தின் பெரிய பிரிவுகளில் இல்லை. அதன் கீழே எழுதப்படும் விதியில், சுற்றறிக்கையில், மும்பையிலிருந்து சோதனைக்கு வரும் அதிகாரியின் கண்ணில் இருக்கிறது. பயிற்சி நிலையத்துக்குச் சொல்லாமல் போய், சான்றிதழ் பெற்ற பிள்ளைகளில் பத்துப் பேரைக் கூப்பிட்டு, “இந்தத் தெப்பத்தைப் புரட்டிக் காட்டு” என்று சொல்லிப் பார்க்கட்டும். புரட்டத் தெரியாதவர்கள் பலர் என்றால், அபராதம் பிள்ளைக்கு வேண்டாம்; நிலையத்தின் அனுமதியை எடுக்கட்டும். ஐந்தாண்டுக்கொரு முறை வரும் மறுபயிற்சியின் செலவை இன்று பெரும்பாலும் தொழிலாளியே தன் விடுமுறையில், தன் பணத்தில் தாங்குகிறான். கப்பலைப் பட்டறையில் ஏற்றிப் பழுது பார்க்கும் செலவை முதலாளி தாங்குகிறான் அல்லவா? ஆளைப் பழக்கும் செலவையும் அவனே தாங்க விதி செய்யட்டும்.

தமிழ்நாட்டு அரசுக்கும் நாம் ஒன்று கேட்கிறோம். தூத்துக்குடிக் கழகத்தில் முதற்பயிற்சிக்கு வரும் ஏழை வீட்டுப் பிள்ளையின் கட்டணத்தை அரசு ஏற்கட்டும். கடலில்லா மாவட்டங்களுக்கு இத்தனை இடம் என்று ஒதுக்கட்டும். கையேட்டைத் தமிழில் அச்சிட்டுத் தென்காசிப் பள்ளிகளின் நூலகத்தில் வைக்கட்டும். அடுத்த சாரல் வரும்போது, பூப் பார்க்க வருகிறவர்களின் கார் நிற்கும் அதே ஊர் முனையில், உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலும் ஒட்டப்பட்டிருக்கட்டும்.